ரயில் நிலையத்தில் ஓர் ஆமென்

ஜூன் 2, செவ்வாய்

காலையிலிருந்து கடையில் ஒரே ரகளை. போன வாரம் புதுக் கண்ணாடி வாங்கிப் போன ஓர் அம்மாள் திரும்பி வந்து, "படிக்கட்டெல்லாம் ஆடுதும்மா" என்றார். ஃப்ரேமைக் கழற்றி, மூக்கில் உட்காரும் இடத்தைக் கொஞ்சம் இறக்கி, மறுபடி மாட்டிவிட்டேன். படிக்கட்டு நின்றுவிட்டது. "இப்ப வீட்டுக்காரர் முகம்கூடத் தெளிவாத் தெரியுது" என்று குறைபட்டுக்கொண்டே போனார். அதற்கெல்லாம் கடை பொறுப்பில்லை.

வீட்டுக்கு வந்தால் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "பாத்ரூம் காலி" என்றாள். அவ்வளவுதான்.

முன்பெல்லாம் எப்படிச் சொல்வாள்! "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. குளியலறைக்குச் செல்ல வேண்டிய சின்னவள் வழக்கம்போல் தாமதமாக வந்துகொண்டிருக்கிறாள்." ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவள். வீட்டிலும் அதே குரல்தான். தொண்டையில் தைராய்டு ஆபரேஷன் ஆன பிறகு அந்தக் குரல் திரும்பி வரவில்லை. வந்தது வேறொன்று, மணல் கலந்த மாதிரி. நிலையத்தில் பதிவு செய்த குரலைப் போட்டுக்கொண்டார்கள். இவள் வேலையை விட்டாள். கையோடு தேவாலயப் பாடகர் குழுவையும் விட்டாள். நான் இன்னும் போகிறேன். வெள்ளிக்கிழமை பயிற்சிக்கு நான் கிளம்பும்போது அவளுக்கு ஏதாவது அவசர வேலை வந்துவிடும், சமையலறையில்.

ஜூன் 5, வெள்ளி

பயிற்சி முடிந்ததும் ஸ்கேல் சார் கதவைச் சாத்தச் சொன்னார். அவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். பாட்டு நடத்துவது மர ஸ்கேலால்தான். தப்பாகப் பாடினால் அது நம் பக்கம் திரும்பும்.

விஷயம் இதுதான். இந்த மாதக் கடைசியில், ஒரு சனிக்கிழமை காலை, ரயில் நிலையப் பெரிய கூடத்தில் பாடப் போகிறோம். யாருக்கும் சொல்லாமல். ஆளுக்கொரு பக்கம் பயணிகள் மாதிரி பெட்டியோடு நிற்க வேண்டும். ஆண்களின் கீழ்க்குரலான பேஸ் பாடும் பல் டாக்டர் முதலில் தொடங்குவார். பிறகு ஒவ்வொரு குரலாக, கூட்டத்துக்குள்ளிருந்து. பாடப்போவது எங்கள் "பெரிய பாட்டு". நான்கு குரலில் பாடும் அந்தத் துதிப்பாட்டைக் கேட்டால் கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்கள்கூட நின்றுவிடுவார்கள்.

வீட்டில்கூடச் சொல்லக்கூடாதாம். போன வருஷம் காய்கறி மார்க்கெட்டில் பாடியபோது யாரோ சொல்லிவிட்டு, ஒரு குடும்பமே முன்வரிசையில் போனைத் தூக்கிக்கொண்டு நின்றது. வெங்காயக்காரருக்கே விஷயம் புரிந்துவிட்டது. "ரகசியம் உடைஞ்சா அது கச்சேரி. உடையலைன்னாத்தான் அதிசயம்" என்றார் ஸ்கேல் சார்.

எனக்கு இப்போதே கை பரபரக்கிறது. ஒரே ஒரு கவலை, கடைசி ஆமென். அது போய்க்கொண்டே இருக்கும். ஒரு மூச்சில் யாராலும் பிடிக்க முடியாது. பக்கத்தில் நிற்பவர்கள் பேசிவைத்துக்கொண்டு ஒருவர் மாற்றி ஒருவர் மூச்சு எடுப்போம். ஒருத்தி எடுக்கும்போது மற்றவள் பிடித்துக்கொள்வாள். கேட்பவர்களுக்கு அறுபடாமல் வரும். பாவாடை கட்டிய நாளிலிருந்து எனக்கு மூச்சு ஜோடி அக்காதான். முழங்கையால் லேசாக இடிப்பாள். நான் எடுக்கறேன், நீ பிடிச்சுக்கோ என்று அர்த்தம். இப்போது பக்கத்தில் நிற்கும் பெண் தன் இஷ்டத்துக்கு மூச்சு விடுகிறாள். அவளை இடித்தால் "சாரி ஆன்ட்டி" என்று நகர்ந்து நிற்கிறாள்.

ஜூன் 8, திங்கள்

ஸ்கேல் சார் கடைக்கே போன் செய்தார். கூடத்தில் ஆட்களும் இருக்க வேண்டும், அறிவிப்பும் குறுக்கே வரக்கூடாது. அப்படி ஒரு நேரம் உண்டா? "உங்க அக்காவைக் கேளுங்க. எதுக்குன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

சாப்பிடும்போது கேட்டேன். எங்கள் முதலாளி ரயில் நிலையத்தில் இலவசக் கண் பரிசோதனை முகாம் போடப் போகிறார், மைக் சத்தம் இல்லாத நேரம் வேண்டுமாம் என்றேன். பொய் எனக்கு இவ்வளவு சரளமாக வரும் என்று எனக்கே தெரியாது.

அக்கா சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். "பத்தே கால் வண்டி போனதும் ஒரு இடைவெளி இருக்கு. அடுத்த வண்டிக்கு ஜனங்க உக்காந்திருப்பாங்க, ஆனா சொல்றதுக்கு ஒண்ணும் இருக்காது. அப்பத்தான் நான் டீ குடிப்பேன்." பிறகு அவளாகவே சொன்னாள்: "பெரிய கடிகாரத்துக்குக் கீழ போடச் சொல்லு. அங்க நின்னு மெதுவாப் பேசினாக்கூடக் கூடம் பூரா கேட்கும். மைக் கெட்டுப்போன அன்னிக்கு அங்க நின்னுதான் கத்தினேன்."

கை காய்கிற வரை பேசினாள். எத்தனை நாளாயிற்று அவள் இப்படிப் பேசி. பாத்திரம் கழுவும்போதும் பேசினாள். எனக்கு உள்ளுக்குள் குறுகுறுத்தது. நல்லதுக்குத்தானே என்று விட்டுவிட்டேன்.

ஜூன் 12, வெள்ளி

ஸ்கேல் சாருக்கு ஒரே குஷி. பத்தே கால் வண்டி போனதும், கடிகாரத்தின் கீழ். "உங்க அக்கா இருக்காங்களே!" என்றார்.

தண்ணீர் குடிக்கிற இடத்தில் பல் டாக்டர் மெதுவாகக் கேட்டார். "அவங்களையும் பாடக் கூப்பிட்டா என்ன? குரல் கரகரன்னு இருந்தா இருக்கட்டுமே. நீங்க பாடற ஆல்ட்டோ குரல்ல கலந்துடும்."

"அவ வரமாட்டா டாக்டர்" என்றேன், பட்டென்று.

எனக்கு வேறு யோசனை. அவளைக் கூட அழைத்துப் போய் கடிகாரத்தின் கீழ் நிறுத்திவிடப் போகிறேன். அவள் வேலை பார்த்த இடம், அவள் பாடிய பாட்டு. சுற்றிலும் திடீரென்று எழும்பினால் எப்படி இருக்கும்! ஸ்கேல் சாரிடம் சொன்னேன். தலையைச் சொறிந்தார். "அவளுக்கு எதுவும் தெரியாது சார், ரகசியம் அப்படியே இருக்கும்" என்றதும் சரி என்றார்.

ஜூன் 19, வெள்ளி

"கேம்ப் தேதி முடிவாச்சா?" என்று அக்கா கேட்டாள். முடிவாச்சு என்றேன். "நான் வேணா வந்து ஒத்தாசை பண்றேன். அங்க போர்ட்டர் எல்லாம் நம்ம ஆளுங்கதான்" என்றாள்.

வேலையை விட்ட பிறகு அந்தப் பக்கமே போகாதவள். தானாக வருகிறேன் என்கிறாள். பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

ஜூன் 26, வெள்ளி

நாளைக்கு. பாட்டுப் புத்தகத்தை மூன்று தடவை திறந்து மூடிவிட்டேன். சந்தோஷத்தில்தான்.

ஜூன் 27, சனி

எழுத முடியவில்லை.

ஜூன் 28, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் தலைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

அக்கா வேலைக்குப் போகும்போது போடும் நீலக் கோட்டை இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். அதைப் பார்த்தபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். கூடத்துக்குள் நுழைந்ததும் ஒரு போர்ட்டர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். "மேடம், நீங்க போனதுல இருந்து எந்த வண்டி எங்க நிக்குதுன்னே புரியல" என்றார். அக்கா சிரித்தாள். கண் முகாமுக்கு மேஜை எங்கே போடலாம் என்று கையை நீட்டி எனக்குக் காட்டத் தொடங்கினாள். பத்தே கால் வண்டி போயிற்று.

பல் டாக்டர் தொடங்கினார்.

அக்கா திரும்பிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. பொய்யில்லை, முதலில் மலரத்தான் செய்தது. அந்த ஒரு கணத்துக்காகத்தான் நான் இவ்வளவும் செய்தேன், அது கிடைத்தது. பிறகு ஆண்களின் மேல்குரலான டெனர் புத்தகக் கடைப் பக்கத்திலிருந்து வந்தது. அவள் அங்கே பார்த்தாள். அப்புறம் படிக்கட்டில். அப்புறம் டிக்கெட் வரிசையில். ஒவ்வொரு முகமாக அடையாளம் தெரிய ஆரம்பித்தது அவளுக்கு. எல்லாரும் அவளோடு பாடியவர்கள். எல்லாரும் இருந்தார்கள். என் பக்கம் திரும்பி ஏதோ கேட்க வாயெடுத்தாள். அதே நேரம் ஆல்ட்டோ இடம் வந்துவிட்டது. நான் ஓரடி தள்ளி நின்று பாடத் தொடங்கினேன்.

அந்த முகத்தை எப்படி எழுதுவது? மேஜை போட நீட்டிய கை இன்னும் கீழே இறங்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் அதையும் தப்பாகப் புரிந்துகொண்டேன். உருகிவிட்டாள் என்று நினைத்து இன்னும் ஓங்கிப் பாடினேன். மடச்சி.

கடைசி ஆமென். பக்கத்தில் குழுவினர் யாரும் இல்லை. ஆளுக்கொரு மூலை. மூச்சு தீர்ந்துகொண்டே வருகிறது. பழக்கதோஷம். என்ன செய்கிறோம் என்று தெரியாமலே அக்காவை முழங்கையால் இடித்தேன். நான் எடுக்கறேன், நீ பிடிச்சுக்கோ.

அவள் மூச்சு இழுத்தது எனக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது. வாய்கூடத் திறந்தது. பிறகு மூடிக்கொண்டாள்.

என் குரல் அறுந்தது. எங்கள் பக்கம் ஒரு ஓட்டை. யாரும் கவனிக்கவில்லை. கூடமே கை தட்டியது. குழந்தைகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு தட்டினார்கள். நான் திரும்பிப் பார்த்தபோது கடிகாரத்தின் கீழ் அவள் இல்லை.

ஜூன் 30, செவ்வாய்

இன்றைக்குத்தான் பேசினாள்.

"நேரம் கேட்டது இதுக்குத்தானா?"

ஆமாம் என்றேன்.

"அப்ப கேம்ப்பே இல்ல?"

இல்லை என்றேன்.

சத்தம் போடவில்லை. போட அவளிடம் சத்தமும் இல்லை. "எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும் தெரியல. என்கிட்ட கேட்டே எல்லாத்தையும் முடிவு பண்ணிட்டு, என்னைக் கொண்டுபோய் வண்டிக்குக் காத்திருக்கற ஜனங்களோட நிறுத்திட்ட" என்றாள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? சொல்லியிருக்க வேண்டும். இவ்வளவு சுலபமான பதிலுக்கு எதற்குக் கேள்வி?

ஜூலை 2, வியாழன்

போதாக்குறைக்கு வீடியோ. மாடியிலிருந்து ஒரு பையனை வைத்து எடுக்கச் செய்திருக்கிறார் ஸ்கேல் சார். எல்லார் போனிலும் அதுதான் ஓடுகிறது. வீடியோவைத் தொட்டு ஓடவிடும் முன் தெரியும் படம் — அக்கா. கோட்டும் கண்ணீருமாக. கீழே என்னென்னவோ எழுதியிருக்கிறார்கள். "இந்த அம்மாவின் ஆனந்தக் கண்ணீர் ஒன்று போதும்." "எனக்கும் அழுகை வந்துவிட்டது."

அக்கா மருந்துக் கடைக்குப் போயிருக்கிறாள். "நீங்கதானே அந்த அழுத அம்மா?" என்று கேட்டு, கூட நின்று போட்டோ எடுத்துக்கொண்டாராம் கடைக்காரர். எத்தனை வருஷம் இந்த ஊர் கேட்ட குரல் அது! முகம் ஒருவருக்கும் தெரியாது. இப்போது முகம் தெரிகிறது. இப்படி.

ஜூலை 6, திங்கள்

ஸ்கேல் சார் வீட்டுக்கே போனேன். அந்தப் படத்தை எடுத்துவிடச் சொன்னேன். "அந்த முகம்தானேம்மா வீடியோவே" என்றார். அது சந்தோஷத்தில் அழுதது இல்லை சார் என்றேன். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. பிறகு புரிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எடுத்துவிடுகிறேன் என்றார். எடுத்தும் விட்டார். ஆனால் அதற்குள் யார் யாரோ எடுத்துத் தங்கள் பக்கத்தில் போட்டுக்கொண்டாயிற்று. கொட்டிய பாலை எங்கே போய் அள்ளுவது.

வாசலில் வழியனுப்பும்போது சொன்னார்: "அவங்களைக் கூப்பிட்டிருந்தா வந்திருப்பாங்களா?"

எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் கேட்கவே இல்லையே.

ஜூலை 11, சனி

வெளியூரில் இருக்கும் அக்கா மகள் போன் செய்தாள். "சித்தி, வீடியோ பாத்தேன். எல்லாரும் வாழ்த்துறாங்க. அம்மா சந்தோஷத்துல அழற முகம் அது இல்லையே?" என்றாள். பெற்ற மகளுக்குத் தெரியாதா. நடந்ததைச் சொன்னேன். திட்டியிருந்தால் தேவலை. "போனை அம்மாகிட்ட குடுங்க சித்தி" என்றாள். அக்கா போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜூலை 12, ஞாயிறு

போகிறாளாம். மகளோடு இருக்க. அடுத்த மாத ஆரம்பத்தில்.

மகள் வருஷக்கணக்காகக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். "சின்னவ தனியா இருந்தா சமைக்கவே மாட்டா, ரொட்டியைத் தின்னுட்டுப் படுத்துடுவா" என்று இவள்தான் தட்டிக்கழித்து வந்தாள். இந்த முறை தட்டிக்கழிக்கவில்லை.

ஜூலை 19, ஞாயிறு

பெட்டி கட்டுகிறோம். மரியாதையாகப் பேசிக்கொள்கிறோம். "இந்தப் போர்வை உனக்கு வேணுமா?" "நீயே வச்சுக்கோ அக்கா." சண்டை போட்டிருந்தால் இந்நேரம் தீர்ந்திருக்கும்.

நீலக் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். அலமாரியில் திரும்ப மாட்டிவிட்டாள். எனக்குத் தாங்கவில்லை. தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். தப்புத்தான் அக்கா, உன்னைப் பாடக் கூப்பிட்டிருக்கணும், டாக்டர்கூடச் சொன்னார், நான்தான் வரமாட்டான்னு சொல்லிட்டேன். எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவள் போர்வையை மடித்து முடித்தாள். பிறகு சொன்னாள்.

"கூப்பிட்டிருந்தா வரமாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன்."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"ஆனா அதை நான் சொல்லியிருக்கணும். நீ சொல்லிட்ட. குரல்தான் போச்சு, சின்னவளே. வாய் போகல."

ஜூலை 24, வெள்ளி

பயிற்சியில் ஸ்கேல் சார் ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டுத் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். அக்கா கிளம்பும் அன்று எல்லாரும் பிளாட்பாரத்துக்கு வந்து, திடீரென்று, வழியனுப்பும் விதமாக...

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "உங்களுக்கெல்லாம் அறிவிருக்கா? திடீர்னு திடீர்னு — மனுஷங்களைத் திடுக்கிட வைக்கறதைத் தவிர வேற ஒண்ணும் தெரியாதா? வாயைத் திறந்து கேட்டா முத்து உதிர்ந்துடுமா?" என்று கத்திவிட்டேன். யாரைப் பார்த்துக் கத்தினேன் என்று எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரிந்திருக்கும். அந்த "சாரி ஆன்ட்டி" பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் கேட்டேன். இப்படி வந்து பாட ஆசைப்படுகிறார்கள், வரலாமா, கூடாதா.

"ஸ்கேல்கிட்ட சொல்லு, வேண்டவே வேண்டாம்னு" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்த சனிக்கிழமைக்குப் பிறகு இன்றுதான் சிரிக்கிறாள். வேண்டாம் என்று சொல்வதில் அவளுக்கு இவ்வளவு சந்தோஷமா? இருக்கும்.

ஆகஸ்ட் 1, சனி

மகள் வந்திருந்தாள். நாங்கள் மூன்று பேர் மட்டும். கடிகாரத்தின் கீழே போகாமல் ஓரமாகவே நடந்தோம். பதிவு செய்த குரல் ஏதோ ஒரு வண்டியைப் பற்றிச் சொன்னது. "ஊர்ப் பேரை முழுங்கறா" என்று அக்கா முணுமுணுத்தாள்.

வண்டி வரும் வரை அவளை ஒட்டியே நின்றேன். முழங்கையால் ஒரு தடவை இடிப்பாள் என்று காத்திருந்தேன். சின்னப் பிள்ளை மாதிரி. அவள் இரண்டு கையிலும் பை இருந்தது.

ஏறிக்கொண்டாள். "ராத்திரி ரொட்டி திங்காதே" என்றாள் ஜன்னலிலிருந்து. வண்டி போயிற்று.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

ரொட்டிதான் தின்றேன்.

ஆகஸ்ட் 21, வெள்ளி

அடுத்த மாதம் பெரிய ஆஸ்பத்திரியின் காத்திருப்புக் கூடத்தில் பாடுகிறோம். அதே பெரிய பாட்டு. இந்த முறை வார்டு நர்ஸ்களிடம் முன்கூட்டியே கேட்டுவிடலாம் என்று ஸ்கேல் சாரே சொன்னார். யாருக்காவது அன்றைக்குப் பாட்டுக் கேட்கிற நிலைமை இல்லாமல் இருக்கலாம் இல்லையா, என்று சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

ஆமெனில் மூச்சு எங்கே எடுப்பது என்று அந்த "சாரி ஆன்ட்டி" பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு தடவை சரியாக வந்தது. மூன்றாம் தடவை நான்தான் கோட்டைவிட்டேன். இடது பக்கத்திலிருந்து ஒரு இடி வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

வீடு அமைதியாக இருக்கிறது. குளியலறை எப்போதும் காலி. அறிவிக்கத்தான் ஆள் இல்லை.

செப்டம்பர் 4, வெள்ளி

பயிற்சி முடிந்து வந்து போன் செய்தேன். வழக்கமாக மகள்தான் எடுப்பாள், இன்றைக்கு அக்காவே எடுத்தாள். சாப்பாடு, மழை, முழங்கால் வலி என்று கொஞ்ச நேரம் போயிற்று. பிறகு சொன்னேன்.

"அடுத்த வாரம் சனிக்கிழமை ஆஸ்பத்திரியில பாடறோம். பெரிய பாட்டு. வெளிய யாருக்கும் தெரியாது. உன்கிட்ட சொல்றேன்."

"எதுக்குச் சொல்ற?"

"கேக்கறதுக்கு. பாட வர்றியா அக்கா? கேக்க இல்ல. பாட."

அந்தப் பக்கம் மூச்சு இழுப்பது கேட்டது. எனக்குத் தெரிந்த மூச்சு.

"வரல" என்றாள்.

சரி என்றேன். வைத்துவிடலாம் என்று போனைக் காதிலிருந்து எடுக்கும்போது அந்தக் கரகரத்த குரல் மறுபடி வந்தது.

"அடுத்த தடவையும் கேளு."